ஆளில்லாக் காடு உருவான கதை: சுந்தரவனப் படகுப் பயணங்களின் வரலாறு

ஆண்டுதோறும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, கொல்கத்தாவுக்குத் தென்கிழக்கே உள்ள கோத்காலி படகுத்துறையிலிருந்து இயந்திரப் படகுகள் வரிசை வரிசையாகச் சுந்தரவனத்துக்குள் புறப்படுகின்றன. கீழ்த்தளத்தில் சமையற்கட்டும் படுக்கைகளும், மேல்தளத்தில் பந்தல் நிழலில் நாற்காலிகளும் போடப்பட்டிருக்கும். அலுவலக நண்பர்கள், கூட்டுக் குடும்பங்கள், கல்லூரி மாணவர்கள் எனக் குழுக்குழுவாக வருவோர் இரண்டு பகலும் ஓர் இரவும் ஆற்றிலேயே கழிக்கின்றனர். பெட்கி மீன் வறுவலும் இறாலும் நண்டுக் குழம்பும் வேளை தவறாமல் மேலே வருகின்றன. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் பாட்டும் ஆட்டமும் சேர்ந்துகொள்கின்றன. மழைக்காலத்தில் 'இலிஷ் உற்சவம்' என்ற பெயரில் இலிஷ் மீன் விருந்துக்கென்றே தனிப் பயணங்கள் உண்டு. சேற்றுக் கரையில் கிடக்கும் முதலை, நீரருகே வரும் புள்ளிமான், உடும்பு, பழுப்புச் சிறகு மீன்கொத்தி ஆகியவை கண்ணில் படும். புலியைக் காண்பது அரிது. ஆனால் பயணம் முழுவதும் அதைப் பற்றிய பேச்சே நடக்கும்.

இப்பயணத்தை முடித்துத் திரும்புவோரில் பலர் ஒரே வகையான வியப்பைப் பகிர்ந்துகொள்கின்றனர்: மனிதச் சுவடே படாத காட்டைக் கண்டோம் என்பதே அது. அந்த வியப்பு உண்மையானது; அதற்குக் காரணமான காட்சியும் உண்மையானது. ஆயினும் அந்த மனிதரின்மை இயற்கை தந்ததன்று. ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு அதிகாரங்களால் உண்டாக்கப்பட்ட ஒன்று அது. படகிலிருந்து சுந்தரவனத்தைக் கண்டவர்களின் எழுத்துகளையும், அந்தந்தக் காலத்து நிலவுடைமை ஏற்பாடுகளையும் அருகருகே வைத்துப் படித்தால் இது தெளிவாகும்.

1. பெர்னியே கண்ட தீவுகள்

முகலாயப் பேரரசில் மருத்துவராகப் பணிபுரிந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பெர்னியே, 1660-களின் நடுவில் வங்காளத்துக்கு வந்தபோது, பிப்லி துறையிலிருந்து ஹூக்ளி வரை ஒன்பது நாட்கள் துடுப்புப் படகொன்றில் கழிமுகத் தீவுகளினூடே பயணம் செய்தார். இரவில் நிலவொளியில் தோன்றிய வானவில், மின்மினிகள், நீரில் துள்ளும் மீன்கள் என அவர் தந்துள்ள சித்திரம் இன்றைய பயணக் குறிப்புகளுக்கெல்லாம் முன்னோடி. கரையில் இறங்குவது ஆபத்தானது, படகைக் கரையோரம் கட்டலாகாது, புலிகள் நீந்திவந்து படகிலிருப்போரையே தூக்கிச் செல்லும் என்ற எச்சரிக்கைகளும் அவர் நூலில் உண்டு. அவற்றில் சில படகோட்டிகளின் வாய்மொழிக் கதைகள்.

ஆனால் பெர்னியே இன்னொன்றையும் கவனித்தார். கடலுக்கு அண்மையில் உள்ள பல தீவுகள் முன்பு குடியிருப்புகளாக இருந்தவை என்றும், அரக்கான் பகுதியிலிருந்து வந்த கடற்கொள்ளையரின் தாக்குதலுக்கு அஞ்சி மக்கள் அவற்றைக் கைவிட்டனர் என்றும், அதன் பின்னரே அங்கு மான்களும் பன்றிகளும் அவற்றைத் தேடிப் புலிகளும் பெருகின என்றும் அவர் எழுதினார். அக்கொள்ளையருடன் போர்த்துக்கீசியரும் சேர்ந்திருந்தனர். பிடிபட்டவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஜேம்ஸ் ரென்னல் தயாரித்த வங்காள நிலப்படத் தொகுதியிலும், கழிமுகத்தின் ஒரு பகுதி 'மக்' படையெடுப்பால் ஆளின்றிப் போனது என்ற குறிப்பு இடம்பெற்றது. அக்காலத்தில் அரக்கானியரைக் குறித்த சொல் அது.

எனவே, நமக்குக் கிடைக்கும் தொடக்ககாலப் பயண எழுத்திலேயே சுந்தரவனத்தின் வெறுமைக்கு ஒரு வரலாற்றுக் காரணம் கூறப்பட்டுவிட்டது. பின்வந்த பயணிகளில் பெரும்பாலோர் மின்மினிகளையும் புலிகளையும் நினைவில் வைத்துக்கொண்டு, இந்தக் காரணத்தை மறந்துவிட்டனர்.

2. கோடும் சட்டமும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி இப்பகுதியை வருவாய் தராத தரிசு நிலமாகவே கருதியது. 1780-களில் ஜெசோர் மாவட்ட நீதிபதியாக இருந்த டில்மன் ஹெங்கெல் காட்டைத் திருத்திக் குடியேற்றம் செய்யும் திட்டத்தைத் தொடங்கினார். அப்பணியை மேற்பார்வையிட்ட அவரது முகவர், புலிகளின் தொல்லை தாளாமல், நீதிபதியின் பெயருக்காவது அவை அஞ்சும் என்றெண்ணி அவ்விடத்துக்கு ஹெங்கெல்கஞ்ச் என்று பெயரிட்டதாக மாவட்ட வரலாறுகள் கூறும். இன்றைய ஹிங்கல்கஞ்ச் அதன் திரிபு. சிரிப்பூட்டும் இச்செய்தி, காட்டுக்குள் அரசு எவ்வாறு நுழைந்தது என்பதையும் காட்டிவிடுகிறது: முதலில் பெயராக, அதன் பின் வரியாக, அதற்கும் பின் எல்லைக்கோடாக.

1828-ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குமுறைச் சட்டம், சுந்தரவனத்தின் குடியற்ற பரப்பு முழுவதையும் அரசுடைமையாக அறிவித்தது. அதையடுத்து டாம்பியர், ஹாட்ஜஸ் என்ற இரு அதிகாரிகள் காட்டின் வட எல்லையை அளந்து வரைந்தனர். டாம்பியர்–ஹாட்ஜஸ் கோடு எனப்படும் அந்த எல்லையே இன்றும் இந்தியச் சுந்தரவனத்தின் வடவரம்பாகக் கொள்ளப்படுகிறது. அக்கோட்டுக்குத் தெற்கே மரம் வெட்டிய பவாலிகளும், தேன் எடுத்த மௌலேக்களும், மீனவர்களும் இருந்தார்கள். அவர்கள் நிலையாகக் குடியிராமல் பருவந்தோறும் வந்து போனவர்கள். நிலையான குடியிருப்பையே உரிமைக்கு அளவுகோலாகக் கொண்ட சட்டத்தின் கண்ணுக்கு, வந்து போகிறவர்கள் தென்படவில்லை.

3. மேக்னாவின் தளத்தில்

சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1837 அக்டோபரில், கவர்னர் ஜெனரல் ஆக்லண்ட் பிரபு தம் சகோதரிகள் எமிலி ஈடன், ஃபானி ஈடன் ஆகியோருடன் கல்கத்தாவிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டார். கங்கையில் நீராவிக் கப்பல் போக்குவரத்து தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கொதிகலனின் வெப்பமும் ஆபத்தும் பயணிகளைத் தீண்டாதிருக்க, அவர்கள் 'ஃபிளாட்' எனப்படும் தட்டையான தனிப் படகில் இருத்தப்பட்டு, அதை நீராவிக் கப்பல் இழுத்துச் சென்றது. பாகீரதியில் நீர் வற்றும் காலங்களில் கங்கையை அடையச் சுந்தரவனத்தைச் சுற்றிச் செல்வதே வழி. இவ்வாறு, வேறோர் இலக்கு நோக்கிய அரசுமுறைப் பயணம், வழியில் விருந்தினர் குழுவொன்றின் சதுப்புநில உலாவாகவும் அமைந்தது.

எமிலி ஈடன் அப்பயணத்தில் எழுதிய கடிதங்கள் பின்னர் 1866-இல் நூலாக வெளிவந்தன. குட்டை மரங்களும் சேறும் மட்டுமே நிறைந்த, பறவைகள்கூட இல்லாத பாழிடமாக அவருக்குச் சுந்தரவனம் தோன்றியது. நிலமும் கடலும் பிரிக்கப்பட்ட நாளில் அரைகுறையாக விடப்பட்ட உலகத்துண்டு போல் இருக்கிறது என்ற பொருளில் அவர் எழுதினார். ஓடை குறுகும்போது கிளைகள் படகின் பக்கங்களை உரசிச் சன்னல் தட்டிகளைப் பெயர்த்ததையும் நகைச்சுவையோடு குறித்தார்.

அதே கடிதத்தில் மூன்று சிறு செய்திகள் உள்ளன. எதிரே நாட்டுப் படகொன்றைக் கண்டது முதலாவது. புலி ஒரு மனிதனைக் கொண்டுசென்ற இடங்களில் மூங்கிற்கழியில் செடி கட்டி நட்டிருந்ததைக் கண்டது இரண்டாவது. படகில் இருந்த இந்துப் பணியாளர்கள், பசித்திருந்தும், சமைப்பதற்காகக் கரையிறங்க மறுத்தது மூன்றாவது. இம்மூன்றையும் எமிலி ஈடன் அந்த இடத்தின் அவலத்துக்குச் சான்றாகவே எழுதுகிறார். வரலாற்று மாணவர் அவற்றை மறுபக்கத்திலிருந்து படிக்க வேண்டும். கழி நட்டிருக்கிறது என்றால் இறந்தவருக்குத் துணையாக வந்தவர்கள் இருந்தார்கள். அடுத்து வருவோரை எச்சரிக்கும் பொறுப்பும் அவர்களுக்கு இருந்தது. பாழ்நிலம் என்று கூறப்பட்ட இடத்தில் மனிதர் ஒருவருக்கொருவர் எழுதிவைத்த குறியீடு அது. தளத்திலிருந்து பார்த்தவருக்குக் கழி தெரிந்தது. அதை நட்டவர்கள் தெரியவில்லை. பணியாளர்களின் பசியோ, அந்த உல்லாசம் யாருடைய உழைப்பின் மேல் மிதந்தது என்பதைத் தன்னையறியாமல் வெளிப்படுத்திவிட்டது.

4. ரயிலும் குடியேற்றமும்

ஹூக்ளி ஆறு தூர்ந்துவருகிறது என்ற அச்சத்தில், மாத்லா ஆற்றங்கரையில் மாற்றுத் துறைமுகம் ஒன்றை அரசு திட்டமிட்டது. 'சைக்ளோன்' என்ற சொல்லை உருவாக்கிய ஹென்றி பிடிங்டன், அந்த இடம் புயல் அலைக்கு இரையாகும் என்று 1853-இல் டல்ஹௌசி பிரபுவுக்கு எழுதி எச்சரித்தார். எச்சரிக்கை ஏற்கப்படவில்லை. கேனிங் துறைமுகம் எழுந்தது. 1867-இல் வீசிய புயல் அதைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. துறைமுகத்துக்காகப் போடப்பட்ட ரயில் பாதை மட்டும் எஞ்சியது. இன்றும் சியால்தாவிலிருந்து கேனிங் வரை உல்லாசப் பயணிகளை ஏற்றிவருவது அந்தப் பாதைதான். எதிர்த்திசையில், கொல்கத்தா வீடுகளில் வேலை செய்யும் சுந்தரவனப் பெண்கள் விடியற்காலையிலேயே அதே பாதையில் நகருக்குப் போகிறார்கள்.

1870-களின் நடுவில் காட்டின் பெரும்பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. எஞ்சிய பகுதிகளில் மரம் வெட்டி, உப்புநீரைத் தடுக்கக் கரை எழுப்பிக் குடியேறுவது தொடர்ந்தது. 1903-இல் ஸ்காட்லாந்து வணிகர் டேனியல் ஹாமில்டன் கோசபா பகுதியில் நிலம் பெற்று, மேதினிபூரிலிருந்தும் சோட்டாநாக்பூரிலிருந்தும் வந்த எளிய உழவர்களையும் பழங்குடியினரையும் குடியமர்த்திக் கூட்டுறவு முறையில் ஊர்களை அமைத்தார். 1932-இன் இறுதியில் தாகூர் அங்கே வந்து தங்கினார். இன்றைய படகுப் பயணங்களில் ஹாமில்டன் மாளிகையும் தாகூர் தங்கிய வீடும் அரைமணி நேர நிறுத்தங்கள். இந்தியச் சுந்தரவனத்தின் 102 தீவுகளில் 54 குடியிருப்புத் தீவுகளாக மாறிய நீண்ட கதையில், அந்த அரைமணியில் தெரிவது இரண்டு வீடுகள் மட்டுமே.

5. 1973-உம் 1979-உம்

1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்றாகச் சுந்தரவனம் இடம்பெற்றது. ஆங்கில ஆட்சி பரிசுப்பணம் கொடுத்துக் கொல்லச் செய்த விலங்கு, இப்போது நாட்டின் பெருமைச் சின்னமாகியது. 1984-இல் தேசியப் பூங்கா, 1987-இல் யுனெஸ்கோ உலக மரபிடம், 2019-இல் ராம்சர் நிலம் எனத் தகுதிகள் அடுத்தடுத்து வந்தன. அவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. அலையாத்திக் காடு இல்லையெனில் 2009-இன் அய்லாவும் 2020-இன் அம்பனும் இன்னும் பெரிய அழிவைத் தந்திருக்கும். சதுப்புநிலத்தில் வாழும் புலிகள் வேறெங்கும் இந்த எண்ணிக்கையில் இல்லை.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில் மரிச்ஜாப்பி இருக்கிறது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து, தண்டகாரண்ய முகாம்களுக்கு அனுப்பப்பட்டிருந்த, பெரும்பாலும் நாமசூத்திரரான அகதிகள், 1978-இல் ஆயிரக்கணக்கில் திரும்பிவந்து மரிச்ஜாப்பித் தீவில் குடியேறினர். பள்ளியும் மருந்தகமும் மீன்பண்ணையும் தாங்களே அமைத்தனர். காப்புக்காட்டில் அத்துமீறிக் குடியேறினர் என்று அரசு கூறியது. அத்தீவின் ஒரு பகுதியில் ஏற்கெனவே காடு அழிக்கப்பட்டுத் தென்னை நடப்பட்டிருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1979 ஜனவரியில் காவல்துறைப் படகுகள் தீவைச் சூழ்ந்தன. உணவும் குடிநீரும் தடுக்கப்பட்டன. துப்பாக்கிச் சூடு நடந்தது. மே மாதத்தில் குடிசைகள் எரிக்கப்பட்டு மக்கள் வெளியேற்றப்பட்டனர். பசியாலும் நோயாலும் வன்முறையாலும் மாண்டோர் எத்தனை பேர் என்பதில் அரசுத் தரப்புக்கும் பிழைத்தோர் தரப்புக்கும் இடையே பெரும் வேறுபாடு இன்றும் நீடிக்கிறது.

இத்தீவுகளில் நீண்ட காலம் களப்பணி செய்த மானுடவியலாளர் அன்னு ஜாலே, 2005-இல் வெளியிட்ட கட்டுரையில், புலிக்குக் குடியுரிமை கிடைத்தது, தமக்கு அது மறுக்கப்பட்டது என்று தீவுவாசிகள் மரிச்ஜாப்பியை நினைவுகூர்வதைப் பதிவு செய்தார். அமிதவ் கோஷின் நாவல் 2004-இல் அந்நிகழ்வை உலக வாசகர்களிடம் கொண்டுசென்றது. தீவோ மீண்டும் காடாகிவிட்டது. பெர்னியே கண்ட தீவுகளைப் போலவே, இதுவும் மக்கள் வெளியேறியபின் பசுமையானது. வேறுபாடு, வெளியேற்றியவர் யார் என்பதில்தான்.

6. ஒரே ஆறு, இரு வகை அனுமதி

இன்றைய சுற்றுலாப் படகு அனுமதிச்சீட்டும் வழிகாட்டியும் பெற்று, குறித்த ஆறுகளில் மட்டும் செல்கிறது. சஜ்னேகாலி, சுதன்யகாலி, தோபாங்கி போன்ற காவற்கோபுரங்களில் மட்டுமே இறங்க முடியும். அங்கும் கம்பிவலைக்குள் மனிதர், வெளியே விலங்குகள். இறங்கக் கூடாது, சேற்றைத் தொடக் கூடாது, பார்க்க மட்டும் செய்யலாம் என்பது விதி. பாதுகாப்பு நோக்கில் இது முற்றிலும் நியாயமானது.

அதே ஆற்றில் துடுப்புப் படகில் வரும் மீனவருக்கு வேறோர் அனுமதி தேவை: படகு உரிமச் சான்று. ஆயிரத்துக்கும் குறைவான சான்றுகளே வழங்கப்பட்டன, புதியவை கிடைப்பதில்லை. மூலச் சான்று பெற்றவர்களில் பலர் மீன்பிடிப்பதை விட்டுவிட்டதால், மெய்யாகவே காட்டுக்குள் செல்வோர் அதை வாடகைக்கு எடுக்கின்றனர். மையப்பகுதி அவர்களுக்கு முற்றாக மூடப்பட்டது. வலை வீசினால் தண்டம், படகு பறிமுதல். 2006-இன் வன உரிமைச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வரவில்லை என்பது மீனவர் அமைப்புகளின் நெடுநாள் முறையீடு. நல்ல விலை கிடைப்பதால் நண்டு பிடிப்போர் குறுகிய ஓடைகளின் உள்ளே செல்கின்றனர். புலித்தாக்குதலில் இறப்போரில் பலர் அவர்களே. அனுமதியின்றி அல்லது மையப்பகுதியில் இறந்தார் என்று காரணம் காட்டி, கைம்பெண்களுக்கு இழப்பீடு மறுக்கப்படுவது வழக்கமாக இருந்தது. 2023-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அத்தகைய வழக்கொன்றில் இழப்பீடு வழங்கும்படி ஆணையிட்டது.

மேல்தளத்துக்கு வரும் நண்டுக் குழம்பை இந்தச் செய்திகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரு படகுகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. பயணக் கட்டணத்தில் ஒரு பங்கு காட்டோர ஊர்களின் குழுக்களுக்குச் செல்கிறது. படகோட்டி, சமையற்காரர், வழிகாட்டி ஆகியோர் பெரும்பாலும் அதே தீவுகளின் மக்கள். தந்தை புலியால் இறந்தபின் மகன் சுற்றுலாப் படகில் வேலைக்குச் சேரும் குடும்பங்கள் உண்டு. ஆகவே சுற்றுலாவை எதிரியாகச் சித்திரிப்பது எளிதெனினும் பொருந்தாது. பார்க்க வருபவர் காட்டின் விருந்தினராகவும், அதனால் பிழைப்பவர் அத்துமீறியவராகவும் வகைப்படுத்தப்பட்ட வரலாற்றையே கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

7. பொன்பீபியின் படகு

சுந்தரவனத்துக்குத் தன் சொந்தப் படகுக்கதை ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சேறிய பொன்பீபி காவியத்தில், தோனா என்னும் தேன் வணிகன் துக்கே என்ற ஏழைச் சிறுவனைத் தன் படகில் அழைத்துச் செல்கிறான். புலியுருக் கொள்ளும் தக்கிண ராய், படகு நிறையத் தேனும் மெழுகும் தருகிறேன், சிறுவனைக் கொடு என்கிறான். தோனா சிறுவனைக் கரையில் விட்டுவிட்டுப் படகைச் செலுத்துகிறான். துக்கேயின் குரல் கேட்டுக் காட்டின் தாய் பொன்பீபி வந்து காக்கிறாள். தேவைக்கு மேல் எடுக்காதே, தூய மனத்தோடும் வெறுங்கையோடும் நுழை என்பது அவள் விதித்த நெறி. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாகவே அவளை வணங்குகின்றனர்.

இன்று அதே கதை தங்கும் விடுதிகளிலும் படகுகளிலும் மாலைநேர நாடகமாக விருந்தினர்க்கு நடித்துக் காட்டப்படுகிறது. நடிப்போரில் மறுநாள் காட்டுக்குள் செல்ல வேண்டியவர்களும் இருக்கக்கூடும். கைதட்டலுக்கிடையே கவனிக்கத் தவறக்கூடாதது ஒன்றுண்டு: அக்கதை காட்டை ஆளற்றதாக ஒருபோதும் சொல்வதில்லை. அதில் புலியும் ஏழையும் வணிகனும் காட்டில் பங்குள்ளவர்கள். அறம் என்பது அவர்களுக்கிடையே உள்ள அளவு.

சதுப்புநிலச் சுற்றுலாவின் வரலாற்றை எழுத விரும்பும் இளம் ஆய்வாளர்களுக்கு இதில் ஒரு வழிமுறை இருக்கிறது. தளத்திலிருந்து எழுதப்பட்ட பயண நூல்களை மட்டும் படித்தால், மூன்றரை நூற்றாண்டுகளாக ஒரே வெறுமை திரும்பத் திரும்ப வருவது போலத் தோன்றும். அவற்றோடு அந்தந்தக் காலத்து எல்லைக்கோடுகளையும், காப்புக்காட்டு அறிவிப்புகளையும், படகு உரிமங்களையும், நீதிமன்றத் தீர்ப்புகளையும், பொன்பீபி பாடல்களையும் சேர்த்துப் படிக்கும்போது, ஒவ்வொரு வெறுமைக்கும் தேதி இருப்பது புலனாகும். இன்றும் சுந்தரவன ஓடைகளின் கரையில், புலி தாக்கிய இடங்களில், துணி கட்டிய கழிகள் நடப்படுகின்றன. 1837-இல் கண்டவருக்கு அது பாழ்நிலத்தின் அடையாளமாகத் தெரிந்தது. இன்று அவ்வழியே செல்லும் படகுகளில் உள்ள வழிகாட்டிகள் பலருக்கு, அக்கழி யாருக்காக நடப்பட்டது என்பது தெரியும். பயணிகள் கேட்டால் சொல்வார்கள்.